பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தும் முறை

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200-க்குக் கட் ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், கணக்கிடப்படுகிறது. சென்ற ஆண்டு உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் கட் ஆஃபைப் பார்த்து, உங்களுடையதற்குச் சற்று மேலிருந்து நன்றாகக் கீழே வரை உள்ளவற்றை முதலில் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, உங்கள் முறை வரும்போது முதலில் காலியாக உள்ள இடமே ஒதுக்கப்படும் என்பதால், கிடைக்காதோ என்ற தயக்கத்தில் மனத்துக்குப் பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளிவிடாதீர்கள். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் கல்லூரிக் குறியீட்டு எண்ணை அம்மாவையோ அண்ணனையோ உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். விடுதித் தண்ணீர், பேருந்து வசதி பற்றி அங்கே படிக்கும் அக்கா, அண்ணன்மாரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.