தீபாவளிக்கு முன்னாடியே ஃபயர் ஸ்டேஷன்காரங்கள உங்க தெருவுக்கு கூப்பிடுங்க

தீ பிடிச்சாதான் ஃபயர் சர்வீஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா தீ பிடிக்காம பாத்துக்க சொல்லிக்குடுக்கறதும் அவங்க வேலைதான், ஸ்கூலோ அப்பார்ட்மெண்டோ கூப்பிட்டா வந்து செஞ்சே காட்டுவாங்க. ஏப்ரல் 14லேர்ந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம்னு தனியாவே நடத்துறாங்க, 1944ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சப்போ அணைக்கப் போய் உயிர விட்ட வீரர்கள் நினைவா. ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், தீபாவளிக்கும் மழைக்கும் முன்னாடி செப்டம்பர்லயே கூப்பிட்டுடுங்க.

பெருசா ஒண்ணும் இல்ல, பக்கத்து ஸ்டேஷனுக்கு நேர்ல போய் நிலைய அலுவலர்கிட்ட அசோசியேஷன் பேர்ல ஒரு லெட்டர் குடுங்க, எத்தன வீடு, எத்தன மாடி, எந்த தேதி சௌகரியம்னு எழுதுனா போதும். அன்னைக்கு ஆம்பளைங்க மட்டும் கைய கட்டிக்கிட்டு நின்னு வேடிக்கை பாத்துட்டு போயிடக்கூடாது, சமையக்கட்டுல நிக்கிறவங்க, வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா எல்லாரும் வரணும்.

சிலிண்டர பத்தவச்சு அணைக்கிறத கண்டிப்பா காட்டச் சொல்லுங்க. சாக்க தண்ணில நல்லா முக்கி, விளிம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு, கை சாக்குக்கு உள்பக்கம் மறைஞ்சிருக்கற மாதிரி வச்சுக்கிட்டு, முன்னால போய் அப்படியே மேல போத்தி ரெகுலேட்டர மூடுவாங்க. பாக்க பயமாதான் இருக்கும், அதனாலதான் அவங்க பக்கத்துல இருக்கும்போதே உங்க வீட்டாளுங்க ஒருத்தராவது செஞ்சு பாக்கணும். எண்ணெய் சட்டி பத்திக்கிட்டா தண்ணி ஊத்தவே கூடாது, அடுப்ப அணைச்சுட்டு தட்ட போட்டு மூடணும். தீ இல்லாம கேஸ் வாடை மட்டும் வந்தா எந்த சுவிட்சையும் தொடாதீங்க, ஆஃப் பண்ணக்கூட வேணாம், ரெகுலேட்டர மூடி கதவு ஜன்னல தொறந்துட்டு வெளிய வந்து கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க.

டெமோ முடிஞ்சதும் உடனே அனுப்பிடாதீங்க, பில்டிங்க ஒரு சுத்து கூட்டிட்டுப் போய் காட்டுங்க, என் கணக்குல டெமோவ விட இதுதான் முக்கியம். மாடிப்படில செருப்பு ஸ்டாண்டு, பழைய சைக்கிள், மொட்டை மாடிக் கதவுல பூட்டு, வண்டி திரும்பவே முடியாத மாதிரி கேட் ஓரமா கார், இதெல்லாம் தினம் பாக்கிற நம்ம கண்ணுக்கு தெரியாது, அவங்க ஒரே பார்வைல சொல்லிடுவாங்க. தீயணைப்பான்ல இருக்கற பிரஷர் மீட்டரோட முள் பச்சைல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஒண்ணு முழுசா அடிச்சாலும் அரை நிமிஷம்கூட வராது, அதனால தீ சின்னதா இருக்கும்போதுதான் அத நம்பி நிக்கணும்.

2004 ஜூலை 16ல கும்பகோணத்துல ஸ்கூல் தீ விபத்துல 94 குழந்தைங்க செத்துப் போனாங்களே, சமையல் பண்ற எடத்துல கிளம்புன தீ கீத்துக் கூரைல ஏறுனதுதான். அதே வருஷம் ஜனவரில ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபம், அங்கயும் பந்தல்தான் பத்துச்சு. அதனால மொட்டை மாடில கீத்துக் கொட்டகை போட்டு விசேஷம் வைக்கிறவங்க தயவுசெஞ்சு அத இப்பவே விட்டுடுங்க.

தீ பிடிச்சு 101க்கோ 112க்கோ கூப்பிடும்போது தெரு பேரு, பக்கத்துல என்ன கடை, என்ன எரியுது, உள்ள ஆள் இருக்காங்களா, சிலிண்டர் இருக்கா, இத சொல்லிட்டு அவங்க வைக்கிற வரைக்கும் நீங்க போன வைக்காதீங்க. ஒரு ஆள தெருமுனைல நிக்க வைங்க.

மழை வெள்ளத்துக்கு மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070. தண்ணி உள்ள வர்றதுக்கு முன்னாடியே மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிடணும். முகாம் எந்த ஸ்கூல்ல போடுவாங்கன்னு அக்டோபர்லயே விஏஓகிட்டயோ வார்டு ஆபீஸ்லயோ கேட்டு வைங்க. எந்த வீட்ல நடக்க முடியாத பெரியவங்க, மாசமா இருக்கறவங்க, டயாலிசிஸ் போறவங்க இருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு, செக்ரெட்டரிகிட்ட ஒண்ணு குடுத்துடுங்க, மீட்க வர்றவங்க வந்ததும் மொதல்ல கேக்கறது அதத்தான்.