ஆள் வருவதை உணரும் சுவர்: 3 சென்சாரில் ஒரு சிறு மாதிரி

2010 வெனிஸ் கட்டடக்கலை பியனாலே கண்காட்சியின் கனடா அரங்கில் பிலிப் பீஸ்லி 'ஹைலோசோயிக் கிரவுண்ட்' என்ற அமைப்பை வைத்திருந்தார். ஆள் பக்கத்தில் போனால் அக்ரிலிக் இலைகள் மெல்ல மடங்கி விரியும். அசைவு அக்கம்பக்கத்து இலைகளுக்கும் பரவும். உயிருள்ளது போலத் தோன்றுவதே இந்தப் பரவலால்தான். வெறுமனே ஆள் வந்ததும் விளக்கு எரிவதென்றால் அது படிக்கட்டு லைட். அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு (புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு கணினிப் பலகை), ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியால் தூரம் அளப்பது) 3, எஸ்ஜி90 சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்புவது) 3, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர் செருகும் பலகை), ஜம்பர் ஒயர், தனி 5 வோல்ட் சப்ளை. மூன்று மோட்டாரும் ஒன்றாகத் திரும்பினால் போர்டு ரீசெட் ஆகலாம் என்பதால்தான் தனி சப்ளை. அதன் கிரவுண்டை (மைனஸ் முனை) போர்டின் கிரவுண்டோடு கட்டாயம் இணையுங்கள்.

படி 1: சென்சார்களை அரை மீட்டர் இடைவெளியில் வரிசையாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் பக்கத்தில் ஒரு மோட்டார் வைத்து, அதன் கையில் அட்டை இலை ஒன்றை ஒட்டுங்கள்.

படி 2: தூரம் அளப்பது. சென்சாரின் ட்ரிகர் பின்னுக்கு 10 மைக்ரோ செகண்ட் பல்ஸ் (சிறு மின் துடிப்பு) கொடுத்தால், எக்கோ பின்னில் ஒரு பல்ஸ் வரும். அதன் நீளத்தை (மைக்ரோ செகண்டில்) 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். மூன்றையும் ஒரே நேரத்தில் இயக்காதீர்கள். ஒன்றின் ஒலி இன்னொன்றில் விழும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 60 மில்லி செகண்ட் விடுங்கள்.

படி 3: இதில் நிதானம் தேவை. எதிரொலி திரும்பாவிட்டால், பல்ஸின் நீளத்தை அளக்கும் 'பல்ஸ்இன்' கட்டளை 0 தரலாம். அப்படியே விட்டால், யாருமே இல்லாதபோது சுவரை ஒட்டி ஆள் நிற்பதாக புரோகிராம் நினைத்துக்கொள்ளும். தொளதொள துணி ஒலியை உறிஞ்சுவதால், ஆள் நிற்கும்போதும் இடையிடையே 0 வரலாம். ஆகவே தூரம் 0 வந்தாலும் 200 செ.மீ.யைத் தாண்டினாலும் 200 என்றே வையுங்கள். பிறகு கடைசி மூன்று அளவுகளில் நடு மதிப்பை மட்டும் எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தப்பான அளவு அதைக் கெடுத்துவிடும்.

படி 4: பரவல். 60 செ.மீ.க்குள் ஆள் வந்தால் அந்த மோட்டார் 90 டிகிரி திரும்பட்டும். 300 மில்லி செகண்ட் கழித்துப் பக்கத்து மோட்டார் 40 டிகிரி. இதற்கு 'டிலே' (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டால் அளப்பதும் நின்றுவிடும். 'மில்லிஸ்' (போர்டு இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லி செகண்டைச் சொல்லும் கட்டளை) வைத்து நேரம் பாருங்கள்.

படி 5: படமாகப் பார்ப்பது. மூன்று அளவுகளையும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் சீரியல் வழியாகக் கணினிக்கு அனுப்பி, ஆர்டுயினோ மென்பொருளில் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரைத் திறங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமலிருக்க, இரண்டாவதோடு 200, மூன்றாவதோடு 400 கூட்டி அனுப்புங்கள். கூடவே 0, 600 என்று இரு மாறாத எண்களையும் அனுப்பினால் அளவுகோல் தானாக மாறிக்கொண்டே இருக்காது.

இப்போது சுவரோரம் நடந்து பாருங்கள். கோடுகளில் பள்ளங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் படிக்கட்டுபோல் விழ வேண்டும். மூன்றும் சேர்ந்தே விழுந்தால் சென்சார்கள் ஒன்றின் ஒலியை ஒன்று கேட்கின்றன. படி 2-இல் விட்ட 60 மில்லி செகண்டை 80 ஆக்கிப் பாருங்கள்.