கச்சேரிக் கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது சுருதியைச் சரிபார்ப்பது எப்படி?

பாட்டுக் கச்சேரியும் வகுப்பும் போக எஞ்சும் நேரத்தில், என் குருநாதர் விட்டுச் சென்ற கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி வருகிறேன். கேசட் டெக்கின் லைன் அவுட்டை (ஒலி வெளியேறும் இணைப்பை) ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக ஆடாசிட்டி மென்பொருளுக்குக் கொண்டுவருவது எளிது என்பதால் அதை விரிக்கவில்லை. நேரே யூஎஸ்பியில் செருகும் மலிவான பிளேயர்களை நான் பரிந்துரைப்பதில்லை; நான் வாங்கிப் பார்த்ததன் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடவில்லை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள்; எம்பி3 மாணவர்களுக்குக் கொடுக்க மட்டுமே.

டெக்கில் நாடாவைப் படிக்கும் பகுதியான ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தபின், அதன் பக்கத்திலுள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பி, மிருதங்கத்தின் சாப்பும் தம்பூராவின் ரீங்காரமும் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பதிவுசெய்த கருவியின் ஹெட் கோணத்தோடு இது பொருந்தாவிட்டால் மேல் ஒலிகள் மங்கிவிடும். பிறகு ஈக்வலைசரால் அவற்றை முறையாக மீட்க இயலாது.

நான் இடறியது சுருதியில்தான். குருநாதர் ஒரு கட்டையில் பாடுபவர் (பாடகரின் ஆதார சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; எண் கூடினால் சுருதி உயரும்). ஒரு சி-90 கேசட்டின் இறுதியில் இருந்த மங்களம் ஒன்றரைக் கட்டையில் கேட்டது. அரைக் கட்டை என்பது வேகத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு என்பதால், முழுப் பதிவின் வேகத்தையும் அந்த அளவு குறைத்தேன். மங்களம் சரியாகிவிட்டது, ஆனால் தொடக்கத்து வர்ணம் ஒரு கட்டைக்கும் கீழே இறங்கி, வேறு யாரோ பாடுவதுபோல் கனத்துக் கேட்டது. வீட்டுக் கச்சேரியை பேட்டரியில் ஓடிய ரெக்கார்டரில் பதிந்திருக்கிறார்கள். பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதையே நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற உரிய வேகத்தில் ஒலிக்கவிடும்போது சுருதி படிப்படியாக ஏறுகிறது.

ஆகவே, ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னால் தம்பூரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளைத் தேர்ந்து, அந்த உருப்படியின் வேகத்தைத் தனியாகத் திருத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடவே கூடாது. நாடாவின் வேகப் பிழை காலப்பிரமாணத்தையும் (பாட்டின் நடை வேகத்தையும்) சேர்த்தே மாற்றியிருப்பதால், இரண்டும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ராகம் தானம் பல்லவி போன்ற நீண்ட உருப்படிக்குள்ளேயே சுருதி ஏறினால் வேகத்தைப் படிப்படியாக மாற்றவல்ல ஆடாசிட்டியின் டைம் டிராக் வசதி உதவும். பாடகர் ஒரு கட்டைக்குச் சற்று மேலேயே தம்பூராவைச் சேர்க்கும் வழக்கமுடையவராக இருக்கலாம். சுருதியை அளக்கும் ட்யூனரின் முள் காட்டுவதை விட, அவருடைய பிற பதிவுகளை நம்புங்கள். திருத்தாத மூலக் கோப்பைத் தனியே வைத்து, எத்தனை விழுக்காடு மாற்றினீர்கள் என்பதை ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர் விவரங்களோடு எழுதிவையுங்கள்.

பின்சேர்க்கை: பதிவில் கேட்கும் மின்சார இரைச்சலை அளவுகோலாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டர் என்றால் கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய இரைச்சல் 53இல் தெரிந்தால் நாடா வேகமாக ஓடுகிறது. ஆனால் உங்கள் டெக்கும் தன் பங்குக்கு 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் சேர்க்கும் என்பதால், நாடாவை நிறுத்திவிட்டு அதை முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.