முழங்கால் தேய்மானத்தோடு நடமாட்டத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

மொரிஷியஸில் நம் வீடுகளில் முழங்கால் வலி கண்ட பெரியவர்களிடம் முதலில் சொல்லப்படுவது, "இனி அலையாதீர்கள், உட்கார்ந்தே இருங்கள்" என்பதுதான். அன்பினால் சொன்னாலும் இது கேட்டையே விளைவிக்கும். தேய்மானத்தில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிகிறது. அந்நிலையில் மூட்டைத் தாங்கிப் பிடிப்பவை சுற்றியுள்ள தசைகளே என்பதால், அவை அசைவின்றிச் சூம்பினால் வலியும் விறைப்பும் கூடும்.

ஆகவே தொடைத் தசையிலிருந்து தொடங்குங்கள். உறுதியான நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, 5 எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும் செய்யலாம். செய்யும்போது சிறிது வலிப்பது இயல்பு. கூடிய வலி மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர, அடியோடு விட்டுவிடக் கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இத்தீவின் கடலை நம் முதியோர் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் போன்று பவளத்திட்டு அலையைத் தடுக்கும் கரைகளில் இடுப்பளவு நீரில் நடந்தால், உடல் எடையில் ஏறக்குறையப் பாதியை நீரே தாங்கிக்கொள்ளும். பவளத் துண்டு குத்தாதிருக்க ரப்பர் காலணியும், உடன் ஒருவர் துணையும் வேண்டும்.

வலது முழங்கால் வலித்தால் கைத்தடி இடக்கையில் இருக்க வேண்டும். பலர் இதை மாற்றிப் பிடிக்கிறார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் அமைய வேண்டும். கோர் தெ கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோவில் போன்ற இடங்களில் படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள். பூசையில் சம்மணமிட இயலாதவருக்கு உயரமான நாற்காலி ஒன்றை ஓரமாகப் போடுங்கள். காவடி நாளில் அவரை வீட்டிலேயே விட்டுச் செல்வது வேண்டாம்.

உடல் பருத்தவருக்கு 1 கிலோ எடை குறைந்தாலே, ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும்.

நீரிழிவு மிகுந்த இந்நாட்டில் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் ஆபத்தானது. மேலே தடவும் டைக்ளோஃபினாக் களிம்பு ஏற்றதா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். காலையில் எழுந்ததும் தோன்றும் மூட்டு விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அது வேறு நோயாக இருக்கக்கூடும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம் என்பதால், அப்போது தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.