ராத்திரியில் கை மரத்துப்போகிறதா? கார்பல் டனல் சின்ட்ரோமைக் கையாளும் வழி

நடு ராத்திரியில் விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வருகிறது, கையை நாலு உதறு உதறினால் உணர்வு திரும்புகிறது என்றால் கார்பல் டனல் சின்ட்ரோமைச் சந்தேகிக்கலாம். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான தசைநாருக்கும் நடுவே குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான்.

இதற்கு மாத்திரை, ஊசி, தைலம், யோகா, அக்குபங்சர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எதனால் குணம் தெரிந்தது என்பதே புரியாது. அதனால் ஒவ்வொன்றாகப் போவோம்.

படி 1: அதுதானா என்று பாருங்கள்

மீடியன் நரம்பு உணர்வு தருவது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரல் வேறு நரம்பின் பொறுப்பு. பகலில் கேட்டால் பெரும்பாலானவர்கள் "கை முழுக்க மரத்துப்போகுது" என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை விழிப்பு வரும்போது, உதறுவதற்கு முன்னால், ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். சுண்டு விரல் மட்டும் தெளிவாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சுண்டு விரல்தான் அதிகம் மரக்கிறது என்றால் கோளாறு முழங்கைப் பக்கம் இருக்கலாம். கழுத்து வலியோடு சேர்ந்து கை வழியே இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். கால் விரல்களும் மரத்துப்போனால் சர்க்கரை, வைட்டமின் பி12 இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இன்னொரு எளிய சோதனை: முழங்கைகளை மேசையில் ஊன்றி, மணிக்கட்டைத் தளரவிட்டு, கைகளைத் தொங்கப்போடுங்கள். 60 விநாடிக்குள் அதே விரல்களில் சுருசுருவென்று வந்தால் அதுவும் ஒரு தடயம். ஆனால் இது வராவிட்டால் நோய் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கட்டைவிரலின் அடியிலிருக்கும் சதைமேடு வற்றியிருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, மரப்பு நாள் முழுக்க விடாமல் இருந்தாலோ மற்ற படிகளை விட்டுவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். கை திடீரென்று செயலிழந்து, கூடவே வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

படி 2: தூங்கும்போது மணிக்கட்டை நேராக வையுங்கள்

ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மணிக்கட்டு மடங்கினாலும் பின்னால் வளைந்தாலும் அந்தப் பாதைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தூக்கத்தில் நாம் கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். ராத்திரித் தொல்லைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடையில் மணிக்கட்டு ஸ்ப்ளிண்ட் என்று கேளுங்கள். இழுத்துச் சுற்றும் வெறும் எலாஸ்டிக் பட்டை போதாது. உள்ளே தகடு வைத்ததுதான் வேண்டும். வாங்கியதும் அந்தத் தகட்டை உருவிப் பாருங்கள். பல ஸ்ப்ளிண்டுகளில் அது கையைப் பின்னால் வளைக்கிற மாதிரி இருக்கும். வளைக்கக்கூடிய உலோகத் தகடு என்றால் மெதுவாக நேராக்கி மறுபடி செருகுங்கள். போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டினால் அந்த இறுக்கமே நரம்பை நசுக்கும்.

தினமும் ராத்திரி, குறைந்தது 6 வாரம். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், தூக்கத்தில் கழற்றியும் எறிவீர்கள். அதற்காக விட்டுவிடாதீர்கள். எத்தனை முறை விழித்தீர்கள் என்று காலையில் ஒரு வரி எழுதி வைத்தால், முன்னேற்றம் இருக்கிறதா என்று பிறகு பார்க்க வசதி.

படி 3: பகல் வேலை

பிடியைத் தளர்த்துங்கள், இடையிடையே கையை மாற்றுங்கள், அதிரும் கருவிகளைக் குறையுங்கள். கீபோர்டைவிட, இறுக்கிப் பிடித்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் கைக்கு அதிகக் கெடுதல். மொபைலைப் பிடித்தபடி மணிக்கட்டை வெகுநேரம் மடக்கி வைத்திருப்பதையும் தவிருங்கள்.

படி 4: விரல் பயிற்சி

விரல்களை நேராக நீட்டுங்கள். பிறகு நடுக் கணுக்களையும் நுனிக் கணுக்களையும் மட்டும் கொக்கி போல மடக்குங்கள். மறுபடி நீட்டி, முழு முஷ்டியாக மூடுங்கள். மெதுவாக 5 முதல் 10 தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. சுருசுருப்பு கூடினால் நிறுத்திவிடுங்கள். வலியைத் தாங்கிக்கொண்டு செய்தால் சீக்கிரம் குணமாகும் என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

படி 5: மாற்று வழிகளில் எதை எடுப்பது?

யோகாவுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் 42 பேரை வைத்து நடந்த ஆய்வில், 8 வாரம் யோகா செய்தவர்களுக்கு வலி குறைந்து பிடிவலிமை கூடியது. சின்ன ஆய்வுதான். நரம்பு சமிக்ஞையைக் கடத்தும் வேகத்தில் தெளிவான மாற்றமும் தென்படவில்லை. செய்ய விரும்பினால் தோளையும் மேல்முதுகையும் தளர்த்தும் ஆசனங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை ஊன்றி எடையைத் தாங்கும் ஆசனங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

அக்குபங்சரில் சிலர் இதம் காண்கிறார்கள், ஆனால் ஆதாரம் உறுதியாக இல்லை. எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான்: இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டின் நடுவில் அழுத்திப் பிசையாதீர்கள். நான் எச்சரிப்பது வைட்டமின் பி6 மாத்திரையைத்தான். இந்த நோய்க்கு அது கேட்கும் என்று நிரூபணமாகவில்லை. அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும்.

படி 6: 6 வாரத்துக்கு அப்புறம்

குணம் தெரியவில்லையா? மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) ஆகியவை பின்னணியில் இருக்கலாம். கர்ப்பகாலத்தில் வந்தது என்றால் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தணிந்துவிடும். தேவைப்பட்டால் நரம்பு கடத்தல் பரிசோதனை செய்து பாதிப்பின் அளவைப் பார்ப்பார்கள். சாதாரண வலி மாத்திரையால் இதில் பெரிய பலன் கிடைப்பதில்லை.

ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை நல்ல நிம்மதி தரும், ஆனால் தொல்லை திரும்பி வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.

அறுவை சிகிச்சை என்றதும் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கெட்டியான தசைநாரை வெட்டிவிட்டு நரம்புக்கு இடம் கொடுப்பதுதான் அது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி மரப்பு பலருக்குச் சீக்கிரமே போய்விடும். உள்ளங்கை வலியும் பிடிவலிமையும் சரியாக மாதக்கணக்கில் ஆகலாம். கட்டுப் போட்டிருக்கும்போதே விரல்களை அசைக்கச் சொல்வார்கள், அதைத் தவறாமல் செய்யுங்கள். சதை வற்றும்வரை காத்திருந்து போனால், அறுவைக்குப் பிறகும் வலு முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.