லாரி சத்தத்திலும் மனம் அடங்க

மொட்டை மாடியில் யோகா சொல்லிக் கொடுக்கிறீர்களா? "கண்ணை மூடி அமைதியாக இருங்கள்" என்று தொடங்காமல் பிராமரி என்ற மூச்சுப் பயிற்சியில் தொடங்குங்கள். வாயை மூடி, பற்கள் ஒட்டாமல், மூக்கு வழியாக வண்டுபோல் 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தபடி மூச்சை விட வேண்டும். 6 முறை போதும்.

ரீங்கரிக்கும்போது வெளிமூச்சு தானாக நீளும். அது நீண்டால் இதயத் துடிப்பு தணியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தாலும், உதட்டில் குறுகுறுக்கும் அதிர்விலேயே மனம் நிற்கும். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் இதற்காக ஏசி ஹால் வாடகைக்குத் தேட வேண்டியதில்லை. சொல்லிக் கொடுப்பவரும் கூடவே செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரின் ரீங்காரம் நம்முடையதோடு கலக்கும் அந்த நெருக்கம் எனக்கு வேறு எந்த யோகப் பயிற்சியிலும் கிடைத்ததில்லை.

சளியில் மூக்கடைத்திருந்தாலோ காது வலி இருந்தாலோ வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.