பிள்ளையின் பையில் கிடந்த குளிசை எது?

நிறத்தை வைத்து இணையத்தில் தேடியது பயன்படவில்லை. அமெரிக்கத் தேடல் தளங்கள் குளிசையில் பொறித்த எழுத்தை நம்பியவை. அங்கே அது சட்டப்படி கட்டாயம். கொழும்புக் கடைகளில் வரும் குளிசைகள் பலவற்றில் பொறிப்பே இராது. வெள்ளை வட்டம் பரசிற்றமோலாகவும் இருக்கும், பழக்கமாகக்கூடிய வலிநிவாரணியான டிரமடோலாகவும் இருக்கும்.

கைகொடுத்தது குளிசை அடைத்து வரும் மட்டையின் துண்டு. பையின் ஓரம், காற்சட்டைப் பை, குப்பைக்கூடை எல்லாம் தேடுங்கள். கிழிந்த துண்டிலும் பெயரோ மில்லிகிராம் அளவோ தப்பியிருக்கும். குளிசையின் இரு பக்கத்தையும் அடிமட்டத்துடன் படமெடுத்து, எண்ணி, உறையிலிட்டுப் பதிவுபெற்ற மருந்தாளரிடம் காட்டுங்கள். நாவில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். இங்கே பிள்ளைகளிடம் நரம்புவலி மருந்தான பிரகபலின் கப்சூல் போதைக்காகப் புழங்குவதையும் மறக்காதீர்கள்.

பிள்ளையிடம் முதற்கேள்வி "யார் தந்தது?" அல்ல, "எத்தனை விழுங்கினாய், எப்போது?" என்பதே. விழுங்கியிருந்தால் குளிசை இன்னதென்று தெரியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். பரசிற்றமோல் அளவு மிஞ்சினாலும் முதல் நாள் பிள்ளை சுகமாகவே தெரியும். மாற்றுமருந்தோ 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலைசெய்யும். தூங்கி வழிந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலையம் வைத்தியருக்கு வழிசொல்லும். போதைப் பழக்கமென்று தெரிந்தால் ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927.